பதினோரு நாளில் அழித்த கயிறு

1. ஹார்ட் டிஸ்க்

என் தொழில் அழிப்பது. விசிட்டிங் கார்டில் 'வீடியோ எடிட்டிங், ஆல்பம் டிசைனிங்' என்று போட்டிருக்கும், அது நாகரிகத்துக்கு. இருபத்தெட்டு வருஷமாகத் தூத்துக்குடியில் நான் செய்துவருவது, வேண்டாததைப் படத்திலிருந்து எடுப்பது. மணப்பெண்ணின் முகப்பரு, மேடைக்குப் பின்னால் தொங்கும் ஒயர், பந்தியில் கொட்டாவி விடும் மாமா, கல்யாணம் முறிந்துபோனால் மாப்பிள்ளையே. ஒரு வீட்டுக்காக ஒரே ஆல்பத்திலிருந்து ஒரு மருமகனை எடுத்து, சமாதானமான பிறகு திரும்ப வைத்துக் கொடுத்திருக்கிறேன். முன்னைவிட மீசை கொஞ்சம் நன்றாக இருந்ததாகச் சொன்னார்கள்.

தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஏதாவது எழுதுங்கள் என்று எங்கள் சங்க மலருக்குக் கேட்டார்கள். சாதனைகளை எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். இதுதான் வந்தது.

ஒரு நினைவு விழாக் குழுவின் செயலாளர் என் ஸ்டுடியோவுக்கு வந்து ஒரு ஹார்ட் டிஸ்க்கை மேஜைமேல் வைத்தார். உள்ளே காஸ்பர் என்பவர் எடுத்த பழைய படங்கள். சுருள்கள் டப்பாவுக்குள் வினிகர் வாடை அடித்துச் சுருங்கிக்கொண்டிருந்தனவாம். நல்லவேளையாகச் சென்னைக்கு அனுப்பி ஸ்கேன் செய்துவிட்டார்கள்.

காஸ்பர் பெரியதாழைக்காரர். இளம்வயதில் அப்பாவோடு சங்கு குளித்தவர். பிறகு துறைமுகத்தில் டாலி கிளார்க், அதாவது கப்பலில் ஏறும் மூட்டைகளுக்குக் கோடு போடுகிற வேலை. சரக்குக் கப்பலின் ரேடியோ ஆபீசர் ஒருவர் ஊருக்குப் போகும்போது இவரிடம் ஒரு பதினாறு எம்.எம். கேமராவைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். சாவி கொடுத்தால் அரை நிமிஷம்கூட ஓடாது. அதை வைத்துக்கொண்டு, பயணப் படம் என்றால் என்னவென்றே நம் பக்கம் தெரியாத காலத்தில், லீவு போட்டுவிட்டு வடக்கே போய்ப் படம் எடுத்தார். மலையேற்ற முகாமில் சேர்ந்து முறையாகப் படித்து, இமயமலையில் ஏறியே எடுத்தார்.

எடுத்ததைக் கடற்கரை ஊர்களில் கொண்டுபோய்க் காட்டினார். கோயில் வளாகத்தில் வெள்ளை வேட்டியைக் கட்டி, ப்ரொஜெக்டரை ஓடவிட்டு, படத்தில் சத்தம் இல்லாததால் திரைக்குப் பக்கத்தில் நின்று அவரே விளக்கம் சொல்வார். மணப்பாடு பக்கம் ஒரு பெண் எழுந்து, "இவ்வளவு உப்பையும் யாரு அள்ளுவா?" என்று கேட்டாளாம்.

"ஏளா, அது உப்பில்ல, பனி. தண்ணியில போட்டா கரஞ்சிரும்."

"உப்பும்தான் கரையும்."

காஸ்பர் அடுத்த சுருளை மாட்டப் போய்விட்டாராம்.

செயலாளர் சுருக்கமாகப் பேசுகிறவர். "அண்ணாச்சி, ரெண்டே விஷயம். படம் ஆடக் கூடாது. ஹீரோ க்ளியரா தெரியணும். டைட்டில் வச்சாச்சு: தன்னந்தனியாக இமயம் தொட்ட முத்துநகர் மைந்தன்."

"தனியாவா போனாரு?"

"பெரிய மனுசன்னா தனியாத்தான் போவான்."

நான் அதை நோட்டில் எழுதிக்கொண்டேன். என் மலை அறிவு அவ்வளவுதான். மலை என்றால் எனக்கு வல்லநாடு. அதையும் திருநெல்வேலி பஸ் ஜன்னலில் பார்த்தது. எங்கள் ஊர்ப் பக்கத்துப் புதுக்கோட்டை தாண்டும்போது தூங்கிவிட்டால் அதுவும் இல்லை.

2. இருபத்துநான்கு விநாடி

மொத்த டிஸ்க்கிலும் செயலாளர் விரும்பியது இருபத்துநான்கு விநாடி ஓடுகிற ஒரே ஒரு ஷாட். கண் கூசுகிற பனிச்சரிவு. காஸ்பர் கையில் பனிக்கோடரியுடன் அதைக் குறுக்காகக் கடக்கிறார். ஏழெட்டு அடி வைத்ததும் கால் வழுக்குகிறது, ஆள் சரிந்து போகிறார். அந்த நொடியில் படமே வெடுக்கென்று குலுங்கி ஒரு பக்கமாகச் சாய்கிறது. அது நிமிரும்போது காஸ்பர் சரிவில் நின்றிருக்கிறார். முழங்காலை ஊன்றி எழுந்து மறுபடி நடக்கிறார். ஷாட் முடிகிறது. அவர் இடுப்பிலிருந்து கிளம்பும் கயிறு ஒன்று பனிமேல் கோடாக வந்து, ஃப்ரேமின் அடிவிளிம்பில், பார்க்கிறவன் மடிக்கே வருவதுபோல மறைகிறது.

"கயிறு அசிங்கமா இருக்கு அண்ணாச்சி. எடுத்துருங்க. அந்தக் குலுக்கலையும் சேத்து."

எடுத்தேன். ஐந்நூற்றுச் சொச்சம் ஃப்ரேம். ஒவ்வொன்றிலும் கயிற்றுக்கு மாஸ்க் போட்டு, பக்கத்துப் பனியைக் கொண்டுவந்து நிரப்பினேன். கயிற்றைவிட அதன் நிழல்தான் பாடுபடுத்தியது. நிழலையும் துடைத்தேன். குலுக்கலுக்கு ஸ்டெபிலைஸர் போட்டேன். பதினோரு நாள். முடித்தபோது காஸ்பர் வழுக்குகிறார், தானாகவே நிற்கிறார், எழுந்து போகிறார். படம் கல்லில் வைத்ததுபோல அசையாமல் இருந்தது. செயலாளர் அனுப்பிய வர்ணனையில் ஒரு கனத்த குரல், "யாருடைய துணையுமின்றி, தன் காலின் வலிமை ஒன்றையே நம்பி" என்றது. எனக்கே புல்லரித்தது.

தன்னந்தனியாகப் போன மனிதரைப் படம் எடுத்தது யார் என்று எனக்குத் தோன்றவே இல்லை. கல்யாண வீட்டில் வீடியோக்காரன் ஒருவர் கண்ணுக்கும் தெரியமாட்டான், சாப்பிட்டாயா என்று கேட்கமாட்டார்கள் என்று இருபத்தெட்டு வருஷமாகப் புலம்புகிறவன் நான். அந்த நானும் கேட்கவில்லை.

3. பெரியதாழை

"குடும்பத்துல ஒரு பெருசு இருக்காராம். நல்லவரு வல்லவருன்னு ரெண்டு வார்த்தை ஷூட் பண்ணிட்டு வந்துருங்க" என்று செயலாளர் என்னைப் பெரியதாழைக்கு அனுப்பினார்.

பெருசின் பெயர் தொம்மை. காஸ்பர் மனைவியின் தம்பி. எண்பத்தைந்துக்குமேல் வயது, காது கூர்மை, கை இன்னும் துடுப்புப் போல இருந்தது. மகள் ஜெசிந்தா வீட்டில் இருந்தார். நான் கேமராவை ஸ்டாண்டில் நிறுத்திவிட்டு, அவரைப் பேசவைக்கலாம் என்று லேப்டாப்பில் அந்த ஷாட்டைப் போட்டேன். கொஞ்சம் பீற்றிக்கொள்ளவும்தான்.

ஒருமுறை பார்த்தார். இன்னொருமுறை போடச் சொன்னார். மூன்றாவது முறை கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பார்த்தார்.

"கயிறு எங்க தம்பி?"

"எடுத்துட்டேன்யா. இப்ப நீட்டா இருக்குல்லா?"

வாசலில் நின்ற ஜெசிந்தா கேட்டார்: "எடுத்துட்டியளா? எடுக்கதுக்கு அது என்ன உங்க வீட்டுக் கொடிக்கயிறா?"

தொம்மை கையைக் காட்டி மகளை நிறுத்தினார். "நீங்க கடலுக்குப் போற ஆளு இல்ல. அதான் தெரியல. குளியாளு கடலுக்குள்ள போனா மேல வள்ளத்துல அவன் கயித்த யாரு புடிப்பா தெரியுமா? பொண்டாட்டிகூடப் பொறந்தவன். வேற எவன் கையிலயும் குடுக்கமாட்டான். ஏன்னா, இவன் கயித்த விட்டா தாலி அறுக்கது இவன் அக்கா. அதனால கை அறுந்தாலும் விடமாட்டான்."

"மலையிலயும் அப்படித்தானா?"

"முகாம்ல இருந்த தொரை, நல்ல மலைக்காரனா ஒருத்தன் தாரேன்னுதான் சொன்னாரு. அத்தான் ஒத்துக்கிடல. எம் மச்சான் வந்தாத்தான் ஏறுவேன்னுட்டாரு. தந்தி குடுத்து என்ன வரச்சொன்னாரு. நான் அதுவரைக்கும் செருப்புப் போட்டதில்ல. அங்கன கொண்டுபோய் பூட்ஸ மாட்டிவிட்டாவ. காத்துல கத்துனா கேக்காது. எங்களுக்கு என்ன கஷ்டம்? கடல்ல பேசுதமாதிரிதான். ஒரு இழுப்புன்னா தூக்கு."

லேப்டாப்பைக் காட்டினேன். "இந்த எடத்துல நீங்க எங்க இருந்திய?"

"இங்கனதான்" என்று திரைக்கு இந்தப் பக்கம், என் மடிக்கு நேராகக் கையை வைத்தார். "கயித்த இடுப்புல சுத்தி, ரெண்டு காலையும் பனியில உதைச்சு ஒக்காந்திருந்தேன். கேமராவ என் நெஞ்சோட கெட்டிவச்சிருந்தாரு. நான் வெரலால அமுக்கணும், அவ்வளவுதான். அத்தான் வழுக்குனதும் கயிறு என்னை வெட்டி இழுத்துட்டு. சரிஞ்சிட்டேன். கயித்த விடல. வெரலையும் எடுக்கல."

"அந்த நேரத்துலயுமா?"

"எடுத்தா அத்தான் ஏசுவாரு. ஃபிலிம் வெல சாஸ்தியாம்."

அந்தக் குலுக்கல் கேமராவின் கோளாறு அல்ல. ஒரு ஆளின் முழு எடையும் இன்னொரு ஆளின் இடுப்பில் வந்து விழுந்த நொடி அது. அதைத்தான் நான் ஸ்டெபிலைஸர் போட்டு நீவிவிட்டிருந்தேன்.

"எங்க ஊருக்கே தெரியும், கயித்துக்குப் போனது தொம்மைன்னு" என்றார் அவர். "விழாவுக்கு வேன் புடிச்சு எல்லாவனும் வாரான். இதப் பாத்தா என்ன சொல்லுவான்? அத்தான் வழுக்குதாரு, கயித்தக் காணும். தொம்ம விட்டுட்டான்னுதான சொல்லுவான்?"

ஜெசிந்தா என்னைப் பார்த்துச் சொன்னார்: "எங்க கடக்கரையில ஒருத்தன கள்ளன்னு சொல்லுங்க, சிரிச்சிட்டுப் போயிருவான். கயித்த விட்டவன்னு சொன்னா வீட்ட விட்டு எறங்கமாட்டான். அப்பாவ எறங்க முடியாம ஆக்கிராதிய."

நல்லவர் வல்லவர் என்று இரண்டு வார்த்தை வாங்காமலேயே கிளம்பினேன்.

4. ஒரு கயிறுதானே

செயலாளரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஒரு கயிறுதான அண்ணாச்சி?" என்றார்.

"ஒரு உசிரு சார்."

"ரெண்டு பேருன்னா கதை கெட்டுரும். பேனர்ல எடமும் இல்ல. ஏறுனவரு காஸ்பர். இவரு கயிறு புடிச்சவரு."

"இவரு ஏறாம அங்க எப்படி சார் ஒக்காந்திருந்தாரு? ஹெலிகாப்டர்ல எறக்கிவிட்டாவளா?"

"கோவப்படாதிய. பெருச மேடைக்குக் கூப்பிட்டுப் பொன்னாடை போட்டுருவோம்."

இந்தப் பொன்னாடையில்தான் எனக்குப் பற்றிக்கொண்டது. நம் ஊரில் எந்த அநியாயத்தையும் கடைசியில் ஒரு சால்வையைப் போட்டு மூடிவிடலாம் என்று எவன் கண்டுபிடித்தான்? கட்டடத்தைக் கட்டியவன் பெயர் கல்வெட்டில் இல்லை. ரிப்பன் வெட்டியவன் பெயர் இருக்கிறது. அழைப்பிதழில் வேலை செய்தவன் எல்லாம் 'மற்றும் பலர்'. காஸ்பரே இதைக் கேட்டிருக்கவில்லை. தந்தி கொடுத்து மச்சானை வரவழைத்த மனிதர் அவர். அவர் ஊர் ஊராகக் கயிற்றோடு காட்டிய படத்தில், அவர் செத்த பிறகு கயிற்றை உருவ இவர்கள் யார்? பெரிய மனிதன் தனியாகத்தான் போவான் என்று இவர்களுக்கு யார் சொன்னது? தனியாகப் போகிறவன் அந்தச் சரிவோடு போய்ச் சேர்ந்திருப்பான். அவனுக்கு நினைவு விழா எடுக்கப் படமே மிஞ்சியிருக்காது.

இவ்வளவையும் அவரிடம் சொன்னேன் என்று எழுத ஆசைதான். "கயித்த எடுத்துட்டுச் சால்வ போடுவியளாக்கும்" என்று மட்டும் சொல்லிவிட்டு, வந்துவிட்டேன். எழுதும்போதுதான் எனக்குப் பேச்சு வரும்.

ஸ்டுடியோவுக்கு வந்து, பதினோரு நாள் உழைத்த அந்த ஃபைலை அழித்தேன். பேக்கப்பையும் அழித்தேன். செயலாளரிடம் வாட்ஸ்ஆப்பில் போன சின்னப் பிரதி மட்டும்தான் மிச்சம்; அதைத் திரையில் போட்டால் இமயமலை மொசைக் தரை மாதிரி இருக்கும். பிறகு மூல ஸ்கேனை எடுத்து, தூசியையும் கீறலையும் மட்டும் நீக்கி, கயிறும் நிழலும் குலுக்கலும் இருந்தபடி புதுப் பிரதி ரெண்டர் போட்டேன். கடைசியில் ஒரு கார்டு சேர்த்தேன்: 'கயிறு, கேமரா: தொம்மை.'

வர்ணனையைத் தொடவில்லை. 'யாருடைய துணையுமின்றி' என்ற வரியை வெட்ட ஒரு நொடி போதும். ஆனால் அது அவர்கள் பேச்சு, அவர்களே பதில் சொல்லட்டும் என்று விட்டுவிட்டேன். இதுதான் இருக்கிறது, வேண்டுமானால் போடுங்கள் என்று விழாவுக்கு முந்தின நாள் கொண்டுபோய்க் கொடுத்தேன். செயலாளர் என்னைப் பார்த்த பார்வையை எந்த மென்பொருளாலும் அழிக்க முடியாது.

5. ஹால்

பெரியதாழையிலிருந்து இரண்டு வேன் வந்திருந்தது. தொம்மை முன்வரிசையில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். போர்த்திய பொன்னாடையை அவர் துண்டுபோல மடித்துத் தோளில் போட்டிருந்தார். நான் அவருக்கு இரண்டு வரிசை பின்னால்.

பனிச்சரிவு வந்தது. கனத்த குரல், "யாருடைய துணையுமின்றி" என்று ஆரம்பித்தது. திரை முழுக்க, காஸ்பர் இடுப்பிலிருந்து எங்கள் எல்லோர் மடிக்கும், கயிறு.

பின்னாலிருந்து ஒருவர் கேட்டார்: "அப்பம் கயித்த மாதாவா புடிச்சிருக்கா?"

"ஏலே, முன்னால இருக்காரு பாரு" என்றார் இன்னொருவர். ஹால் சிரித்தது. அந்தக் குரல் காலின் வலிமையைப் பற்றி என்னவோ சொல்லிக்கொண்டே போனது, யாருக்கும் கேட்கவில்லை.

காஸ்பர் வழுக்கினார். படம் வெடுக்கென்று குலுங்கியது. அதே கணத்தில் தொம்மையின் உடம்பு பின்னுக்குச் சாய்ந்தது. இரண்டு கையும் இடுப்புக்குப் போயின, கால்கள் தரையை உதைத்தன, நாற்காலியின் முன்கால் இரண்டும் எழும்பிவிட்டன. ஜெசிந்தா பின்னாலிருந்து பிடித்திருக்காவிட்டால் ஆள் மல்லாந்திருப்பார். திரையில் காஸ்பர் எழுந்து நடக்கிறவரை அவர் கையை எடுக்கவில்லை.

படம் முடிந்து வெளியே வரும்போது செயலாளர் என்னைத் தனியாக அழைத்தார். "கயித்த விடுங்க. அந்தக் கேமரா ஷேக்கையாவது சரி பண்ணியிருக்கலாம்லா?"

"அது ஷேக் இல்ல சார். அவரு புடிச்சது."

மறுநாள் வந்த செய்தித் துணுக்கில் 'தன்னந்தனியாக' என்றே போட்டிருந்தார்கள். அதற்கு நான் என்ன செய்ய முடியும்? பெரியதாழையில் அதை யாரும் நம்பப் போவதில்லை. தொம்மைக்கு அது போதும். எனக்குப் போதவில்லை, இன்றுவரை கோபம் ஆறவில்லை.

தொழிலுக்கு வருகிறவர்களுக்கு இதில் ஒரு பாடம் சொல்ல வேண்டுமாம். ஒரு பொருளை அழிக்கச் சொன்னால், அதன் மறுமுனை யார் கையில் இருக்கிறது என்று முதலில் கேளுங்கள். கேட்டால் வேலை தாமதமாகும், சில இடங்களில் வேலையே போகும். நான் கேட்கவில்லை. செயலாளர் செய்தது அறியாமை என்று ஒதுக்கிவிடலாம். கயிற்றின் நிழலைக்கூட விடாமல் பதினோரு நாள் உட்கார்ந்து துடைத்தவன் நான். அவ்வளவு சுத்தமாக அந்த வேலையை நான் செய்திருந்தேன் என்பதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.