அண்ணன் தோட்டமும் என் இடது முழங்காலும்

இந்த ஊரில் பேருந்து மண்டி போடும். லீட்ஸுக்கு வந்த புதிதில் அதைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்திருக்கிறேன். நிறுத்தத்தில் கைத்தடியோடு ஒரு கிழவி நின்றால் போதும், ஓட்டுநர் ஏதோ பொத்தானை அழுத்துவார். உஸ்ஸென்று பெருமூச்சு விட்டுக்கொண்டு வண்டி நடைபாதைப் பக்கம் சாய்ந்து இறங்கும். கிழவி ஏறி, உட்கார்ந்து, பையை மடியில் வைத்த பிறகுதான் நிமிரும். நம் கம்பம் ரோட்டில் ஒரு கால் படியில் இருக்கும்போதே விசில் ஊதிவிடுவார்கள். இன்னொரு காலைப் பின்னால் வருகிற கூட்டம் ஏற்றிவிடும். அப்படி ஏறிப் பழகியவள் நான். 2005இல் ஒரு காலை வேளை, என் முன்னால் வந்து நின்ற வண்டி மண்டி போட்டது. எந்தக் கிழவிக்காக என்று திரும்பிப் பார்த்தேன். பின்னால் யாருமே இல்லை.

ஐம்பத்தைந்து வயதில் கிழவிப் பட்டம் வாங்கித் தந்தது என் இடது முழங்கால். நான் சுருளிப்பட்டிக்காரி. 1997இல் வீட்டுக்காரருக்கு இங்கே ஒரு மில்லில் இயந்திரம் பழுது பார்க்கும் வேலை கிடைத்தது, கூடவே வந்தேன். ஒரு பள்ளிக்கூடச் சமையல்கட்டில் சேர்ந்தேன். காலையிலிருந்து மதியம்வரை நின்றபடியே வேலை. வீடு திரும்பினால், இந்த ஊர்க்காரர்கள் குளியலறையை மாடியில் கட்டி வைத்திருப்பார்கள். படிக்கட்டில் ஏறும்போது முழங்காலுக்குள் மணல் அரைபடும் சத்தம் எனக்கே கேட்கும்.

வலியைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். பொறுக்க முடியாமல் போனது 2006இல் ஊருக்குப் போனபோதுதான். அண்ணனுக்குச் சுருளிப்பட்டியில் பன்னீர்த் திராட்சைத் தோட்டம். ரோட்டிலிருந்து வாய்க்கால் வரப்பு மேலேயே கொஞ்ச தூரம் நடந்தால்தான் பந்தலுக்குப் போக முடியும். சின்ன வயதில் ஓடின வரப்பு. அன்றைக்கு நாலு அடி வைத்ததும் கால் மடங்கியது. "நீ காருக்குள்ள இரு தாயி" என்று அண்ணன் உள்ளே போய், ஒரு தட்டில் பழக்குலையைக் கழுவி எடுத்துவந்து ஜன்னல் வழியாக நீட்டினார். வெளியூர் விருந்தாளிக்குக் கொடுப்பது போல. பழம் தித்தித்தது, எனக்கு அழுகை வந்தது. அந்தப் பந்தலுக்குள் என் காலால் நடந்து போக வேண்டும் என்று அப்போதே நினைத்துக்கொண்டேன்.

அந்தப் பயணத்தில் தேனியில் ஒரு டாக்டரிடமும் காட்டினோம். எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்தார், "மூட்ட மாத்திரலாம், வர்ற வெள்ளிக்கிழமை அட்மிட் ஆயிருங்க" என்றார், அடுத்த நோயாளியைக் கூப்பிட்டார். என்னைப் பார்த்து ஒரு வார்த்தை கேட்கவில்லை. வீட்டுக்கு வந்தால் ஆளாளுக்கு ஒரு தீர்ப்பு. ஆடி மாதம் ஆகாது என்றார் மதினி. அல்லிநகரத்துச் சித்தப்பா, தனக்குத் தெரிந்த ஒருவர் முடவாட்டுக்கால் கிழங்கு சூப்பு குடித்தே எழுந்து நடந்துவிட்டார் என்றார். அண்ணனுக்கும் வலது முழங்கால் தேய்ந்து போயிருந்தது. "நீ மொதல்ல பண்ணு, நான் பாத்துட்டுப் பண்றேன்" என்றார் அவர். நானும் அதையே அவரிடம் சொல்லிவிட்டு விமானம் ஏறினேன்.

லீட்ஸில் எலும்பு டாக்டரைப் பார்க்க நாள் கிடைத்தது. பெரிய மனிதரைப் பார்க்கப் போகிறோம் என்று பட்டுச்சேலை கட்டினேன். அவர் முன்னால் முகம் சுளிக்கக் கூடாதே என்று கிளம்பும்போதே இரண்டு வலி மாத்திரையைப் போட்டுக்கொண்டேன். கைத்தடியைக் காரிலேயே விட்டுவிட்டேன். டாக்டர் "ஹவ் ஆர் யூ?" என்றார். "வெரி வெல், தேங்க் யூ" என்றேன். நலம் விசாரிக்கிறவரிடம் எடுத்த எடுப்பில் சீக்கைச் சொல்கிற வழக்கம் நமக்குக் கிடையாதே! பத்துக்கு எத்தனை வலி என்று நர்ஸ் கேட்டாள். பத்து என்றால் பிள்ளைப்பேறு. அதிலிருந்து இறங்கி வந்து மூன்று என்றேன். நடந்து காட்டச் சொன்னார்கள். மாத்திரையின் தயவில் மணப்பெண் போல நடந்தேன்.

டாக்டருக்கு ஒரே சந்தோஷம். "அருமையாகச் சமாளிக்கிறீர்கள். சீக்கிரம் மாற்றினால் புது மூட்டும் தேய்ந்து பிற்காலத்தில் இன்னொரு முறை வெட்ட வேண்டிவரலாம். ரொம்பவும் தள்ளிப்போட்டால் தசை இளைத்துவிடும். நேரம் வந்ததும் உங்களுக்கே தெரியும். முடிவு உங்களுடையது" என்று கைகுலுக்கி அனுப்பிவிட்டார். வீட்டுக்காரர் கார் கதவைத் திறந்துவிட்டபடி, "நல்லா நடிச்ச, போ" என்றார். எனக்கு டாக்டர் மேல்தான் கோபம். படித்தவர் சொல்ல வேண்டியதை என் தலையில் கட்டுகிறாரே!

அந்த ஞாயிற்றுக்கிழமை அண்ணனுக்குப் போன் போட்டேன்.

"டாக்டரு என்ன சொன்னாக?"

"எப்ப வெட்டலாம்னு என்னையவே கேக்குறாக அண்ணே. படிச்சது அவுகளா, நானா?"

அண்ணன் சிரித்தார். "ஏத்தா, நம்ம தோட்டத்துக்குக் கவாத்து வெட்ட ஆளு வருதுல்ல, என்னைக்கு வெட்டணும்னு அந்த ஆளா சொல்லும்?"

"நீங்கதேன் சொல்லுவீக."

"ஆங். கத்தரி அவுக கையில இருந்தாலும் கொடி நம்ம கொடி. பக்கத்துத் தோட்டத்துக்காரரு வெட்டிட்டாருன்னு நான் என்னைக்காச்சும் வெட்டியிருக்கேனா? நாள நீ சொல்லு."

"சரி, உங்க முட்டிக்கு?"

"இங்கன அறுப்புக் கெடக்குத்தா, அது முடியட்டும்" என்று போனை மதினியிடம் கொடுத்துவிட்டார்.

கம்பம் பள்ளத்தாக்கை அறியாதவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டும். திராட்சைக் கொடியைக் கவாத்து செய்தால், அதாவது கழித்து வெட்டிவிட்டால், ஏறக்குறைய நாலு மாதத்தில் பழம். எல்லோரும் ஒரே சமயத்தில் வெட்டினால் எல்லாப் பழமும் ஒரே சமயத்தில் சந்தைக்கு வந்து விலை படுத்துவிடும். அதனால் அவரவர் தோட்டத்துக்கு அவரவரே நாள் குறிப்பார்கள். முற்றாத கொடியை வெட்டினால் குலை சிறுத்துப்போகும். தாமதித்தால் அறுப்பு மழையில் மாட்டி, பழம் வெடிக்கும். இந்தப் பக்கம் வெட்டு, அந்தப் பக்கம் அறுப்பு என்று வருஷம் முழுக்க நடக்கும். இத்தனையும் பார்த்து வளர்ந்தவள், வெள்ளைக்கார டாக்டரிடம் போய் நாள் கேட்டு நின்றிருக்கிறேன்.

அடுத்த முறை பழைய காட்டன் சேலையில், மாத்திரை போடாமல், கைத்தடியோடு போனேன். "ஹவ் ஆர் யூ?" என்றதும் "பேட், வெரி பேட்" என்றேன். எது முடியவில்லை என்று கேட்டார். வரப்பைச் சொன்னேன், ஜன்னல் வழியாக வந்த திராட்சைத் தட்டைச் சொன்னேன். வரப்பு எத்தனை அகலம் என்று கேட்டார், பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். பள்ளிக்கூடத்துக்குக் கோடை விடுமுறை விட்டதும் செய்துகொள்கிறேன் என்று நானே நாள் சொன்னேன். நாள் குறித்த சந்தோஷம் எல்லாம் அறுவைக்கு மறுநாள் காலையில் முழங்காலை மடக்கச் சொன்னபோது போய்விட்டது. உடற்பயிற்சி கற்றுக்கொடுத்த பெண்ணை நான் தமிழில் திட்டியதை அவள் பிரார்த்தனை என்று நினைத்துக்கொண்டாள்.

2008இல் மறுபடியும் சுருளிப்பட்டி. வரப்பு தொடங்கும் இடத்தில் இருந்த மோட்டார் ரூம்வரை வந்த அண்ணன், அங்கிருந்த கல்லில் காலை நீட்டி உட்கார்ந்துவிட்டார். "நீ போய்ட்டு வாத்தா, நான் இங்கனயே இருக்கேன்." வரப்பில் நடந்தேன். இடது கால் பேசாமல் வந்தது. வலது மட்டும் கொஞ்சம் முனகியது. பந்தலுக்குள் தலைக்கு மேலே எல்லாம் கறுத்த குலை. உள்ளே நான் நிற்கிறேன், தோட்டத்துக்காரர் வெளியே உட்கார்ந்திருக்கிறார். ஒரு குலையைக் கிள்ளி முந்தானையில் ஏந்திக்கொண்டு வந்து அவரிடம் கொடுத்தேன்.

அண்ணன் ஒரு பழத்தைக்கூட வாயில் போடவில்லை. என் முழங்காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அறுப்பு முடியட்டும்னு சொல்லாதீக" என்றேன்.

"சொல்லல. நீ எப்பக் கெளம்புற?"

"செவ்வாக்கெழம."

"மதுரை ஆஸ்பத்திரிக்கு நீயும் கூட வந்தீன்னா..." என்று நிறுத்தினார். என் அண்ணன் யாரையும் கூட வரச் சொல்லி நான் கேட்டதே இல்லை.

"நாளச் சொல்லுங்கண்ணே, டிக்கெட்ட மாத்திக்கிறேன்."

மதுரையில் அறுவை செய்துகொண்ட அண்ணன் இப்போது சுமை தூக்காத குறையாக வரப்பில் நடக்கிறார். என் வலது முழங்கால் முன்னைவிட அதிகமாக அரைபடுகிறது. லீட்ஸ் டாக்டர் எப்போது என்கிறார். அண்ணனோ, "அத இங்கன வந்து பண்ணு, நான் கூட இருக்கேன்" என்று ஞாயிறுதோறும் போனில் சொல்கிறார். இருவருக்கும் நான் இன்னும் நாள் சொல்லவில்லை. காலையில் பேருந்து எனக்காக மண்டி போடும்போது இந்த ஊர் மூட்டு வைத்த இடது காலை முதலில் படியில் வைக்கிறேன். கம்பியைப் பிடித்து, வலிக்கிற அந்த ஊர் வலது காலை மெதுவாக மேலே இழுத்துக்கொள்கிறேன். அதுவரை ஓட்டுநர் காத்திருக்கிறார்.