கலஹா பங்களாவில் ஒரு செஸ்டர்ஃபீல்ட் சோபா: உட்கார்ந்து பார்க்கப் போனோம்

என் கணவர் தேவராஜ் சென்ற ஆண்டு குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டார். அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்து நடக்கவும் தொடங்கிவிட்டார். அந்த நேரத்தில் ஒரு கல்யாண வீட்டில் மெத்தென்ற சோபாவில் உட்கார்ந்தவர் அதற்குள்ளேயே புதைந்துபோனார். இரண்டு பேர் அக்குளில் கைகொடுத்துத் தூக்க வேண்டியதாயிற்று. யாரோ சிரித்தார்கள். அதன் பிறகு எட்டு மாதமாக, கிளினிக்கைத் தவிர எங்கும் வரமாட்டேன் என்றுவிட்டார். யார் வீட்டுக்குப் போனாலும் முதலில் உட்காரத்தானே சொல்வார்கள்?

எங்கள் வீட்டுக்கும் ஒரு சோபா தேவைப்பட்டது. கண்டிக் கடையொன்றில் செஸ்டர்ஃபீல்ட் மாதிரியில் ஒன்றைப் பார்த்தேன். இருக்கை இறுக்கமாக இருந்தது, பிடித்துப்போயிற்று. கலஹாவுக்கு மேலே, இப்போது விடுதியாக நடக்கும் ஒரு தோட்ட பங்களாவில் பழையது ஒன்று இருப்பதாகக் கேள்விப்பட்டேன்.

“வாங்குறதுக்கு முந்தி உக்காந்து பாத்துருவோம். அங்க நம்மளத் தெரிஞ்சவங்க யாரும் இல்ல” என்றேன். அந்தக் கடைசி வார்த்தைக்காகத்தான் சம்மதித்தார்.

பெப்ரவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை, காலை 8.15க்கு அம்பிட்டியவிலிருந்து ரமீஸ் என்பவரின் ஆட்டோவில் புறப்பட்டோம். போக மட்டும் 3,200 ரூபாய். பேராதனை தாண்டும்போது மணி 9. அங்கிருந்து பாதை தேயிலைக்குள் ஏறுகிறது. ஒவ்வொரு குழிக்கும் ரமீஸ், “ஐயா, புடிச்சுக்கோங்க” என்று எச்சரித்தபடி வந்தார்.

“குழி இல்லாத எடத்துல மட்டும் சொல்லுங்க தம்பி, போதும்” என்றார் இவர். எட்டு மாதத்தில் நான் கேட்ட முதல் பகிடி.

10.10க்கு பங்களா. எங்கள் வாசலிலிருந்து இருபத்தேழு கிலோமீற்றர். இளவயதிலிருந்தே அங்கு வேலை செய்யும் முத்தையா எங்களை வரவேற்றார். வயது எழுபதுக்கு மேலிருக்கும். நான் ஆசிரியை என்று தெரிந்ததும் ‘டீச்சர்’ என்றே கூப்பிடத் தொடங்கினார். விறாந்தையை அடுத்த பெரிய அறையில், பழுத்த மாங்கொட்டை நிறத்தில் அந்தத் தோல் சோபா.

செஸ்டர்ஃபீல்டை அடையாளம் காண்பது சுலபம். கைகள் முதுகளவு உயரமாக, வெளிப்பக்கம் பாய் சுருட்டியதுபோல் உருண்டிருக்கும். முதுகு முழுக்கக் குழிகுழியாகப் பொத்தான்கள். அவை அழகுக்காக மட்டும் வைத்தவையல்ல. பஞ்சு மெத்தையில் இடையிடையே நூல் போட்டுக் கட்டுவோமே, அதே வேலைதான். உள்ளே அடைத்தது ஒரு பக்கமாய்ச் சரியாமல் இருக்கும். உடை கசங்காமல் நிமிர்ந்து உட்கார செஸ்டர்ஃபீல்ட் என்ற ஆங்கிலப் பிரபு செய்யச் சொன்னார், அதனால் இந்தப் பெயர் என்பார்கள். கதை நன்றாயிருக்கிறது, ஆதாரம்தான் இல்லை. அங்கே குதிரைமயிர் அடைப்பார்கள். இங்கே?

“தும்பு, டீச்சர்” என்றார் முத்தையா. “சீமையில இருந்து வந்துச்சுன்னுதான் எல்லாருக்கும் சொல்லுவோம். ஒரு தடவ கிழிஞ்சப்ப பாத்தா, உள்ள நம்ம தேங்காத் தும்பு!”

தோட்டங்களை அரசு எடுத்தபோது இங்கிருந்த வெள்ளைக்காரத் துரை கப்பலேறினார். சோபா கதவைவிட அகலமாக இருந்ததால் தங்கிவிட்டதாம்.

நான் இதையெல்லாம் குறித்துக்கொண்டிருந்தபோது இவர் சோபாவின் நடுவில் உட்கார்ந்துவிட்டார். முகத்தைப் பார்த்ததும் எனக்குப் புரிந்தது. இருக்கை புதையவில்லை. ஆனால் தாழ்வு, ஆழமும் அதிகம். இரு பக்கமும் கைக்கு எட்ட எதுவுமில்லை. பொத்தான் வரை படித்த நான் இருக்கையின் உயரத்தை யோசிக்கவேயில்லை. ஒரு தடவை முயன்றார், முடியவில்லை. நான் கையை நீட்டினேன்.

“கைய எடு” என்றார், என்னைப் பார்க்காமலே. காது மடல்கள் சிவந்திருந்தன.

முத்தையா தேநீர்த் தட்டை மெதுவாக மேசையில் வைத்தார். “நடுவுல உக்காந்தா மாட்டிக்கிட்டீங்கன்னு அர்த்தம், ஐயா. எங்க பழைய பெரிய துரைக்கு முழங்கால் வாதம். அவரு மூலையிலதான் உக்காருவாரு. அப்படியே நகந்து வாங்க, தோலு வழுக்கும்.”

இவர் நகர்ந்தார். துணி சோபாவாயிருந்தால் பிடித்திழுத்திருக்கும்.

“இப்ப நுனிக்கு வாங்க. நல்ல காலப் பின்னால வைங்க. அந்த உருண்டைய முன்பக்கமாப் புடிங்க. சாயாதீங்க, அமுக்குங்க!”

அந்தத் தடித்த கை அசையவில்லை. பாதி எழுந்ததும் அதன் உயரமே இவரைத் தாங்கிக்கொண்டது. முழுதாக நிமிர்ந்து நின்றார். நானும் முத்தையாவும் அவரைத் தொடவேயில்லை.

“துரையவிட நீங்க வேகம்” என்றார் முத்தையா.

“துரைக்கு வீட்டுல டீச்சர் இல்லையே” என்ற இவர் மறுபடி உட்கார்ந்தார், எழுந்தார். நான்கு முறை. எங்கள் தேநீர் ஆறிப்போனது. முத்தையா முகம் சுளிக்காமல் சூடாகக் கொண்டுவந்தார். அவருக்கு நான் எத்தனை முறை நன்றி சொன்னாலும் போதாது.

போக நினைப்பவர்களுக்கு: முதல் நாளே தொலைபேசியில் சொல்லிவிடுங்கள். தேநீரும் கேக்கும் ஒருவருக்கு 950 ரூபாய். வாசலில் கைபிடி இல்லாத இரண்டு படிகள் உண்டு. இந்த மாதிரி சோபா வாங்குவதானால் பொத்தானை எண்ணாதீர்கள், இருக்கையின் உயரத்தை அளந்து பாருங்கள். நான் அளந்த பழையது 41 சென்ரிமீற்றர். முழங்கால் நோவு உள்ளவர்களுக்கு 48 தேவைப்படும். கையை அமுக்கிப் பாருங்கள், ஆடினால் வாங்க வேண்டாம். வீட்டுக் கதவையும் அளந்துகொள்ளுங்கள்.

திரும்புவதற்கு ஆட்டோ தேடாமலும் சமாளிக்கலாம். நான் தேடிக்கொண்டிருந்தபோது இவர், “பஸ்ல போவோம்” என்றார். உடனே பையை எடுத்துக்கொண்டேன். கலஹாவில் 1.20க்கு கண்டி பஸ், ஆளுக்கு 110 ரூபாய். முன் இருக்கை கிடைத்தது. அலைச்சலில் பேராதனைக்கு முன்பே நான் தூங்கிவிட்டேன்.

யாரோ தோளைத் தட்டினார்கள். கண் விழித்தால் எல்லோரும் இறங்கிக்கொண்டிருந்தார்கள். இவர் கம்பியைப் பிடித்தபடி எனக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார்.

“எந்திரி டீச்சர், கண்டி வந்துருச்சு. கை குடுக்கவா?”