குட்டைக்கு வைத்த படி

தவளையும் தட்டானும் வரட்டும் என்று கொல்லிமலையில் எங்கள் தோட்டத்தில் சின்னதாக ஒரு குட்டை வெட்ட ஆள் தேடினேன். மலையின் இன்னொரு பகுதியான அரியூர் நாட்டிலிருந்து ஒருவர் வந்தார். ஒடிசலான உடம்பு, அதிகம் பேசாதவர். முழங்கால் ஆழம் தோண்டி, தண்ணீர் இறங்காமலிருக்கக் களிமண்ணைக் கொட்டிக் காலாலேயே மிதித்து இறுக்கினார். வழியும் நீர் சேறாக நிற்க ஓரத்தில் ஒரு பள்ளம் விட்டு, சேம்பும் கோரையும் நட்டார்.

கடைசி நாள், நான் சொல்லாமலே ஒரு பக்கம் கல் அடுக்கிப் படி கட்டினார். ஒவ்வொரு படியையும் கையால் அளந்தார். ஒரு சாணுக்கு மேல் உயர்ந்தால் பிரித்து மறுபடி வைத்தார்.

“தவளைக்கு எதுக்குங்க படி? அதுவே தாவி ஏறிக்குமே” என்று சிரித்தேன்.

“சின்னப் புள்ளக் காலுக்கு எட்டோணுமுங்க” என்றார். பிறகு கல்லைப் பார்த்தபடியே, “எங்க ஊட்டுக் குட்டைக்குப் படி வெக்காம உட்டுட்டனுங்க” என்றார்.

அடுத்த கல்லை நானே எடுத்துக் கொடுத்தேன்.

மழையில் குட்டை நிறைந்துவிட்டது. தவளைகளும் வந்துவிட்டன. மழையில்லாத சில காலைகளில் தண்ணீருக்கு வெளியே இருக்கும் மேல்படியும் நனைந்திருக்கிறது. தவளைதான் ஏறியிருக்கும். ஆனாலும் அந்தப் படியில் இதுவரை நான் கால் வைத்ததில்லை.