கண்டியில் நான் சொன்ன சாட்சி

எனக்கு வாய் நீளம் என்று சொல்லிச் சொல்லியே என்னை வளர்த்தார்கள். சபையில் சேர்ந்த பிறகு அதே வாய்க்கு வரம் என்று பெயர் வந்தது. ஞாயிற்றுக்கிழமை சாட்சி சொல்ல நான் எழுந்தால், பின்வரிசையில் தூங்குகிறவர்களும் நிமிர்ந்து உட்காருவார்கள். எனக்கு வந்த காய்ச்சலில் தொடங்கி, எல்லோரையும் அழவைத்து, "ஆனாலும் ஆண்டவர் கைவிடவில்லை" என்று முடிப்பேன். சபை முழுக்க ஆமென் சொல்லும். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமை. கொஞ்சமென்ன, நிறையவே.

புசல்லாவைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் பாலர் பாடசாலை டீச்சராக இருக்கிறேன். எங்கள் தோட்டத்து டிஸ்பென்சரியில் டொக்டர் கிடையாது. கம்பளைக்குப் போய் மருந்து எடுத்தால் அன்றைக்குப் பேர் விழாது. அந்த நாள் சம்பளம் போச்சு. அதனால் நோயோடு மலையேறிக் கொழுந்து பறிக்கிறவர்கள்தான் அதிகம். இதை மாற்றச் சொல்லி எங்கள் பாஸ்டரும், கோயில் கமிட்டிக்காரரும், கம்பளை மௌலவி ஒருவரும் ஒன்றாக அலைந்தார்கள். டொக்டர் வேண்டும், அம்புலன்ஸ் வேண்டும், ஆஸ்பத்திரிக்குப் போகிற நாளுக்கும் சம்பளம் வேண்டும் என்பதுதான் கோரிக்கை. கடைசியில், கண்டியில் ஒரு சபை மண்டபத்துக்கு வந்து கேட்க அரசாங்க அதிகாரி ஒருவர் சம்மதித்தார்.

"பட்டவங்க கதையச் சொன்னாத்தான் மனசுல படும். நீங்க பேசுங்க சிஸ்டர்" என்றார் பாஸ்டர். பட்டவள் எங்கள் லயத்து வரிசை வீடுகளில் அடுத்த வீட்டுப் பெண். மாரியம்மனைக் கும்பிடுகிறவள். பிரசவ வலி வந்தபோது வேறு வாகனம் கிடைக்காமல் அவளைக் கொழுந்து லொறியில் ஏற்றினார்கள். பிள்ளை லொறிக்குள்ளேயே பிறந்தது. கம்பளை போய்ச் சேருமுன் இறந்துவிட்டது. பிள்ளை செத்தே பிறந்தது என்று தோட்டத்தில் ஒரு பேச்சு கிளம்பி, அதுவே நிலைத்தும் விட்டது.

கண்டிக்குப் போகிற பஸ்ஸில் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"டீச்சரக்கா, எனக்கு நாலு பேருக்கு முன்னால பேச வராது. நீங்களே சொல்லிருங்க. ஒண்ணே ஒண்ண மட்டும் விட்டுறாதீங்க. அது அழுதுச்சு. நான் கேட்டேன். செத்துப் பொறக்கல."

"அதத்தான் மொதல்ல சொல்லுவேன்" என்றேன்.

மண்டபத்தில் பாதிப் பேர் சபைக்காரர்கள். மைக் கைக்கு வந்ததும் எனக்குப் பழைய வேகம் பிடித்துக்கொண்டது. மழையைச் சொன்னேன், லொறியைச் சொன்னேன், அவள் சிந்திய இரத்தத்தைச் சொன்னேன். சிலர் கண்ணைத் துடைத்தார்கள். அதிகாரி தலை குனிந்து எழுதிக்கொண்டிருந்தார். அந்த இடத்தில் பிள்ளையைச் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் சாட்சியில் இழந்ததைச் சொல்லிப் பழக்கமில்லை எனக்கு. கிடைத்ததைச் சொல்லித்தான் பழக்கம். முன்வரிசையில் யாரோ "ஸ்தோத்திரம்" என்றார்கள். அவ்வளவுதான், வாய் தன் வழக்கமான பாதையில் போய்விட்டது.

"ஆனாலும் ஆண்டவர் இந்தத் தாயைக் கைவிடவில்லை! இதோ, உயிரோடு நம் நடுவில் இருக்கிறாள்!"

ஆமென் என்று மண்டபம் அதிர்ந்தது. கைதட்டினார்கள். அதிகாரி பேனாவை மூடிவிட்டு அவளைப் பார்த்துச் சிரித்தார். "அம்மாவுக்கு இப்ப சுகம்தானே? மிச்சம் சந்தோசம்" என்றார். அவள் என்னைப் பார்த்தாள். பிறகு தலையாட்டினாள். கோரிக்கைகளைப் பரிசீலிப்பதாகச் சொல்லி அவர் எழுந்துவிட்டார்.

திரும்பி வரும்போது, "நல்லாத்தான் பேசினீங்க" என்றாள். கம்பளை தாண்டிய பிறகு, "அழுதத மட்டும் விட்டுட்டீங்க" என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் பதிலுக்குக் கோபப்பட்டுத் தப்பியிருப்பேன். நேரம் போதவில்லை என்று முணுமுணுத்தேன். பொய். நேரம் தாராளமாக இருந்தது. அடுத்தவள் பிள்ளையை மறைத்து நான் கைதட்டல் வாங்கியிருந்தேன். வெட்கத்தில் அவள் பக்கம் திரும்பவே முடியவில்லை. வீடு வரைக்கும் ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

அடுத்த ஞாயிறு பாஸ்டர் என்னைச் சாட்சிக்கு அழைத்தார். எழுந்து நின்று, பிள்ளை உயிரோடு பிறந்தது, அழுதது, பார்க்க ஒரு டொக்டர் இல்லாமல் செத்தது என்றேன். அதற்கு மேல் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. ஆமென் சொல்வதற்காகச் சபை காத்துக்கொண்டிருந்தது. நான் உட்கார்ந்துவிட்டேன்.

லயத்துக்குத் திரும்பியபோது அவள் தண்ணீர்க் குழாயடியில் துணி அலசிக்கொண்டிருந்தாள். பையைக்கூட வீட்டில் வைக்காமல் நேரே அவளிடம் போனேன்.

"இன்னைக்குச் சபையில சொல்லிட்டேன். புள்ள அழுதுச்சுன்னு, எல்லாருக்கும் முன்னால சொல்லிட்டேன்."

அவள் கையிலிருந்த துணியைப் பிழியாமல் வாளியில் போட்டுவிட்டு நிமிர்ந்தாள்.

"கண்டியில எழுதிக்கிட்ட அந்த ஐயா வந்திருந்தாங்களா?"

"இல்ல" என்றேன்.