கொசுவத்துக்குள் நனையாதவர்கள்

"1149 மிதுனம். படமும் நானும்." ஒரு புகைப்படத்தின் பின்புறம் எங்கள் அக்கா பென்சிலால் எழுதிவைத்த குறிப்பு இது. மலையாள நாட்டுக் கொல்லம் ஆண்டை மாற்றிக் கணக்கிட்டால் 1974 ஜூன் நடுவிலிருந்து ஜூலை நடுவரை வருகிறது. நாள் குறிக்கவில்லை. அக்காவின் கையில் நனைந்த குடை இருப்பதால் மழை நாள் என்பது மட்டும் நிச்சயம்.

அக்கா 1935இல் ஸ்ரீவராகத்தில் பிறந்தார். அப்பா சீக்கிரமே காலமானதால், கற்ற சித்திரமே குடும்பத்துக்குச் சோறு போட்டது. பெண்கள் பள்ளி ஒன்றில் டிராயிங் டீச்சர் ஆனார். திருமணத்துக்குப் பிறகும் அம்மா அவருடன்தான் இருந்தார். பகலெல்லாம் வகுப்பில் நின்று, வீட்டுக்கு வந்து சமைத்து, அதற்குமேல் நிற்கக் காலில் தெம்பில்லாமல் கூடத்துத் தரையில் உட்கார்ந்து வரைவார். வரைவது காகிதத்தில் அல்ல, புடவையில். "சுவத்துல மாட்டினா ஒரு பக்கந்தான். உடுத்திண்டா சுத்திச் சுத்திப் பாக்கலாம்" என்பார்.

1974இல் வெள்ளைப் பருத்திப் புடவை ஒன்றில், ஒரு தலைப்பிலிருந்து மறு தலைப்புவரை, கிழக்கேகோட்டை பஸ் நிறுத்தத்தின் மழையை வரைந்திருந்தார். குடைகளும், குடையில்லாதவர்களும். அதை நகரில் நடந்த ஓவியக் கண்காட்சிக்குக் கொண்டுபோனார். துணைக்கு நானும் போயிருந்தேன்.

பொறுப்பாளர் விரித்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "டீச்சரே, இது உடுக்கறதல்லே? சுவரில் போட்டா துணிக்கடையாக்கும்னு ஆளுக விலை கேக்கும்."

"அப்போ உடுத்திண்டே வரேன், சார்" என்றார் அக்கா.

மறுநாள் அப்படியே வந்து, காலியாயிருந்த ஓர் ஆணிக்குக் கீழே மாலைவரை நின்றார். கூட்டம் சேர்ந்தது; அந்தப் புகைப்படமும் அப்போது எடுத்ததுதான். ஒருவர், "கொஞ்சம் திரும்பி நிக்கலாமா? பின்னாடி என்ன வரைஞ்சிருக்குன்னு பாக்கணும்" என்றார். "இங்க இருக்கற படத்துல, சொன்னாத் திரும்பறது இது ஒண்ணுதான்" என்று அக்கா திரும்பி நின்றார். கொசுவத்துக்குள் மறைந்தவர்களைப் பற்றி நான் கேட்டதற்கு, "அவாளாவது நனையாம இருக்கட்டுமேடா" என்றார். பரிசுக்குரிய படங்களின் வரிசையில் அது சேர்க்கப்படவில்லை.

உடன் வேலைபார்த்த சுபத்ரா டீச்சர் அன்று எங்களோடு வீட்டுக்கு வந்திருந்தார். "டீச்சரே, இதெனக்கு ஓணத்துக்குக் கோடியாயிட்டுத் தரணும், கேட்டோ. ஒருக்கா உடுத்ததானாலும் சாரமில்லே, பரவாயில்லே."

மலையாளத்தில் கோடி என்றால் பண்டிகைப் புதுத்துணி. எங்கள் வீட்டில் அந்தச் சொல் சாவு வீட்டுக்கு உரியது. அம்மா அடுக்களையிலிருந்து ஓடிவந்தார்.

"சிவசிவா! சுமங்கலி கட்டிண்டு நிக்கற புடவையைப் பாத்துக் கோடிங்கறாளே!"

"அவ புதுத்துணியைச் சொல்றா, அம்மா."

"எதைச் சொன்னா என்ன, வாயிலே வந்துடுத்து. இனிமே இந்தாத்துல நீ அதைத் தொடப்படாது."

அக்கா புடவையை மாற்றி மடித்துவைத்தார். வாதாடும் தெம்பு அன்று அவருக்கு இல்லை. ஓணத்தன்று புடவை சுபத்ரா டீச்சர் வீட்டுக்குப் போயிற்று. அதன்பின் அக்கா புடவையில் வரைந்ததாக எனக்குத் தெரியவில்லை.

1986இல் அக்கா மறைந்தபோது பிறந்த வீட்டுக் கோடி வாங்கப் போனவன் நான். சாலைக் கடைத்தெருவில் அச்சிட்ட பூப்போட்டதுதான் கிடைத்தது.

கடைசி நாட்களில் அக்காவோடு ஆஸ்பத்திரியிலேயே கிடந்த அவர் கணவரான அத்திம்பேருக்கும், முறைவைத்துக் கஞ்சி கொண்டுவந்த தெருக்காரர்களுக்கும், அக்காவின் பழைய மாணவிகளுக்கும் நாங்கள் கடமைப்பட்டிருக்கிறோம். சுபத்ரா டீச்சரை அதிகமாகவே நினைக்க வேண்டியிருக்கிறது. பதின்மூன்றாம் நாள் வந்தவர் ஒரு செய்தி சொன்னார். அந்தப் புடவையை அவர் ஒருநாளும் உடுத்தவில்லை. முழு நீளமும் தெரியும்படி கண்ணாடிச் சட்டமிட்டுத் தம் வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கிறார். போய்ப் பார்த்தேன். கொசுவத்துக்குள் இருந்தவர்கள் எல்லோரும் இப்போது மழையில் நிற்கிறார்கள்.

ஆஸ்பத்திரியில் இதை அக்காவின் காதருகே சொன்னதாகவும், அக்கா கண் திறக்கவில்லை என்றும் டீச்சர் சொல்கிறார். அருகிலிருந்த அத்திம்பேர், விரல் அசைந்தது என்கிறார். அக்காவுக்குக் கேட்டதா என்பது இதுவரை உறுதியாகவில்லை.