பக்கத்து வீட்டுக்கு ஒரு சாட்சி

என் கணவருக்குப் பொய் சொல்ல வராது. பெருமையடித்துக்கொள்கிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். அவரோடு குடித்தனம் நடத்திப் பார்த்தால்தான் அந்தக் கஷ்டம் தெரியும். தெருவில் யாராவது ஆசையாகப் பிரியாணி கொடுத்தனுப்பினால், பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்கப் போகிறவர் "உப்பு கொஞ்சம் தூக்கல்" என்று சொல்லிவிட்டு வருவார். என் தங்கை கல்யாணத்துக்கு எல்லோரையும் போலக் காய்ச்சல் என்று லீவு கேட்காமல் கல்யாணம் என்றே கேட்டு, ஒரே ஒரு நாள் வாங்கிக்கொண்டு வந்தார். ஓசூரில் வண்டி உதிரிபாகம் செய்யும் கம்பெனி ஒன்றில் தரம் பார்ப்பது அவர் வேலை. அளவு சரியாக இருந்தால் பாஸ், இல்லாவிட்டால் ரிஜெக்ட். வீட்டுக்கும் அதே அளவுகோலைக் கொண்டுவந்துவிடுகிறார் என்று நான் கேலி செய்வேன். அவருக்கு அது கேலி என்றே உறைக்காது. பைபிளின் பத்துக் கட்டளையில் "பிறனுக்கு விரோதமாகப் பொய்ச்சாட்சி சொல்லாதே" என்பதும் ஒன்றுதானே என்பார்.

நாங்கள் தெற்கேயிருந்து பிழைக்க வந்தவர்கள். கெலவரப்பள்ளி அணைக்குப் போகிற வழியில், கம்பெனி ஆட்களுக்காகக் கட்டிய வரிசை வீடுகளில் ஒன்றில் இருக்கிறோம். அந்த வரிசையில் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் புழங்கும். கிறிஸ்தவக் குடும்பம் எங்களுடையது மட்டும்தான். ஞாயிறு காலையில் இவர் வெள்ளைச் சட்டையோடு பைக்கை உதைத்தால் ஆராதனைக்கு நேரமாகிவிட்டது என்று தெருவுக்கே தெரியும்.

பெண் பார்த்துவிட்டுப் போகிறவர்கள், பேச்சை முடிக்குமுன் அக்கம்பக்கத்தில் விசாரிக்க ஆள் அனுப்புவது எல்லா ஊரிலும் உண்டு. எங்கள் தெருவில் அந்த வேலை எங்கள் தலையில் விழுந்துவிட்டது. வருகிறவர்களை மளிகைக் கடைக்காரரே எங்கள் வீட்டுக்குக் கைகாட்டி விடுவார். "அந்தக் கிறிஸ்டியன் வீட்ல கேளுங்க. அந்த அண்ணன் பொய் பேச மாட்டாரு" என்பார். முன்பின் தெரியாதவர்களுக்கெல்லாம் டீ போட்டு எனக்கு அலுத்துவிட்டது. ஆனாலும் உள்ளுக்குள் கொஞ்சம் கர்வம் இருந்தது.

அடுத்த வீட்டுப் பெண்ணுக்கு வரன் வந்தபோதுதான் அந்தக் கர்வம் ஆட்டம் கண்டது. வீட்டில் அம்மாவும் அவளும் மட்டும். செல்போன் உதிரிபாகம் செய்யும் கம்பெனிக்கு பஸ்ஸில் போய்வருகிற, வாய் ஓயாமல் பேசுகிற நல்ல பெண். சில வருஷங்களுக்கு முன் எங்கள் வீட்டில் டிவி பார்த்துக்கொண்டிருந்தபோது அவளுக்கு வலிப்பு வந்தது. அதற்குப் பிறகு வரவில்லை. மாத்திரை சாப்பிடுகிறாள். தெருவில் அந்த விஷயம் எங்கள் இரண்டு பேருக்கு மட்டும்தான் தெரியும்.

மாப்பிள்ளை சூளகிரிப் பக்கம். விசாரிக்க ஆள் வரப்போகிறார்கள் என்று தெரிந்ததும் அவள் அம்மா எங்களிடம் வந்தார்.

"தம்பி, உங்கள பொய் சொல்லச் சொல்லல. அந்தப் பேச்சை மட்டும் எடுக்காதீங்க. முன்னாடி வந்த எடத்துல நாங்களே இதைச் சொல்லித்தான் தட்டிப் போச்சு. இதுவும் போச்சுன்னா எம்புள்ள தாங்க மாட்டா."

அவர் போனபின் இவருக்குச் சோறு இறங்கவில்லை. வேதப் புத்தகத்தை எடுப்பதும் மூடுவதுமாக இருந்தார்.

"கேக்காததை நீங்களா எதுக்குச் சொல்லணும்?" என்றேன்.

"கேட்டுட்டா? கட்டப்போறவனும் ஒரு தாய்க்குப் பிள்ளதான? அவனை ஏமாத்தலாமா?"

கடைசியில் அவரே ஒரு முடிவுக்கு வந்தார். "பேசாம இருந்திருதேன். பேசாம இருக்கது பொய் இல்லல்லா."

மாப்பிள்ளையின் சித்தப்பாவும் சித்தியும் வந்தார்கள். குடும்பம் எப்படி என்றார்கள். நல்ல குடும்பம் என்றார். பெண் எப்படி என்றார்கள். தங்கமான பெண் என்றார். எழுந்திருக்கப் போகும்போது அந்தச் சித்தி, எல்லோரும் வழக்கமாகக் கேட்பதைக் கேட்டார். "பொண்ணுக்கு வேற ஒண்ணும் குறை இல்லீங்களே?"

இவர் வாயைத் திறக்கவில்லை. தரையைப் பார்த்தார். தண்ணீர்ச் செம்பை எடுத்தார், குடிக்காமல் கீழே வைத்தார். பொய் பேசாதவர் என்று பேர் எடுத்த மனிதர் இப்படி உட்கார்ந்திருந்தால் பார்க்கிறவர்களுக்கு என்ன தோன்றும்? அந்த அம்மாள் புருஷன் பக்கம் திரும்பித் தெலுங்கில் தணிந்த குரலில் சொன்னார். யாரோ ஒரு பையனோடு ஏதோ நடந்திருக்கிறது, அதனால்தான் இவர் வாயைத் திறக்க மாட்டேன் என்கிறார், வாங்க போகலாம்.

இத்தனை வருஷம் இந்தத் தெருவில் இருந்தவளுக்கு அந்தத் தெலுங்கு புரியாதா? எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. யார் மேல் என்று கேட்டால், இவர் மேல்தான். ஒரு வார்த்தைகூடப் பேசாமல் ஒரு பெண்மேல் இவ்வளவு பெரிய பொய்ச்சாட்சி சொல்ல முடியும் என்று அன்றைக்குத்தான் பார்த்தேன். கட்டளை நாக்குக்கு மட்டும்தான் என்று நாங்களாக நினைத்துக்கொண்டிருக்கிறோம். அது அடுத்த வீட்டுக்காரரைக் காப்பாற்ற வந்தது என்பதை மறந்துவிடுகிறோம்.

"கொஞ்சம் உக்காருங்க" என்று அவர்களிடம் சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்கு ஓடினேன். அவள் ஷிப்ட் முடிந்து வந்து, யூனிபார்மோடு வாசலிலேயே நின்றிருந்தாள். நடந்ததைச் சொன்னேன். "சொல்றதும் சொல்லாததும் உன் இஷ்டம். நான் கட்டாயப்படுத்த மாட்டேன்" என்றேன். அவள் அம்மா அவள் கையைப் பிடித்து இழுத்தார். அவள் விடுவித்துக்கொண்டு என்னோடு வந்தாள்.

"எனக்கு ஃபிட்ஸ் வந்துச்சுங்க. இப்ப இல்ல, மாத்திரை சாப்பிடறேன். வேற ஒண்ணும் இல்ல" என்று அவர்கள் முகத்தைப் பார்த்துச் சொன்னாள். அவர்கள் வீட்டில் கலந்து சொல்கிறோம் என்று கிளம்பிப் போனார்கள். இவர் அவளைப் பார்த்து, "என்னை மன்னிச்சிரும்மா" என்றார். அவள் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டாள்.

அவள் அம்மா எங்களோடு பேச்சை நிறுத்திக்கொண்டார். தண்ணீர்க் குழாயடியில் என்னைக் கண்டால் குடத்தைப் பாதியில் எடுத்துக்கொண்டு போவார். அவர் பக்கம் நியாயம் இருந்ததால் எனக்கு இன்னும் வலித்தது. சூளகிரியிலிருந்து ஒரு தகவலும் இல்லை.

பிறகொரு ஞாயிறு, ஆராதனை முடிந்து வந்து பைக்கை நிறுத்தும்போது எங்கள் வாசலில் ஓர் இளைஞன் காத்திருந்தான். மாப்பிள்ளை. உள்ளே வந்து, கொடுத்த டீயைத் தொடாமல் நாற்காலி நுனியில் உட்கார்ந்தான்.

"அண்ணா, அவங்களுக்கு ஃபிட்ஸ் வந்தப்போ நீங்கதான் கூட இருந்தீங்கன்னு அவங்களே சொன்னாங்க. கல்யாணத்துக்கு அப்புறம் வந்துச்சுன்னா நான் என்ன பண்ணணும்?"

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. இவர் என்னைப் பார்த்தார். நீங்களே சொல்லுங்கள் என்று தலையசைத்தேன். வெள்ளைச் சட்டையோடு தரையில் உட்கார்ந்தார். ஒரு தலையணையை எடுத்து வைத்துக் காட்டினார்.

"ஒருக்களிச்சுப் படுக்க வைங்க. தலை இடிபடாமப் பாத்துக்கிடுங்க. வாயில எதையும் வைக்காதீங்க. இரும்பைக் கையில குடுன்னு நாலு பேர் சொல்லுவாங்க, கேக்காதீங்க. ரொம்ப நேரம் நிக்கலன்னா ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருங்க. அதுவரைக்கும் பக்கத்தவிட்டு நகராதீங்க."

அவன் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினான். பிறகு, "பார்க்கப் பயமா இருக்குங்களாண்ணா?" என்றான்.

"இருக்கும். எனக்குக் கை கால் ஆடிப்போச்சு" என்றார், பொய் சொல்ல வராத என் கணவர். "ஆனா அந்தப் பிள்ள கண்ணு முழிக்கும்போது, நீங்க பயந்த மாதிரியே காட்டிக்கிடாதீங்க."