மூன்று உணவு, பதினைந்து பேர்

மலாயாவில் ஜப்பானியர் ஆண்ட காலத்தில், பினாங்கின் ஜார்ஜ் டவுனில் கூலியாட்களின் உணவைக் கவனிக்கும் அலுவலகம் ஒன்றில் பணியாற்றினேன். அங்கே புள்ளியியல் படித்தவன் நான் ஒருவனே. அரிசி நின்று மரவள்ளியே உணவானபின், ஜெலுத்தோங் முகாமில் ஆட்களுக்குக் கால் வீங்கத் தொடங்கியது. மரவள்ளி மட்டும், மரவள்ளியுடன் செம்பனை எண்ணெய், மரவள்ளியுடன் தவிட்டுக் கஞ்சி: இம்மூன்றில் எது வீக்கத்தைக் குறைக்கிறது என்று சோதிக்கும் பொறுப்பு எனக்கு வந்தது.

முதலில் சாம்பிள் சைஸ், அதாவது எத்தனை பேரைச் சோதிக்க வேண்டும் என்பதைக் கணக்கிட்டேன். வீக்கத்தின் அளவு ஆளுக்கு ஆள் சராசரியிலிருந்து ஏறத்தாழ முக்கால் அங்குலம் விலகியது. தவிடு மற்றவற்றைவிட அரை அங்குலம் கூடுதலாகக் குறைத்தால், அதை அனாலிசிஸ் ஆஃப் வேரியன்ஸ் என்னும், சராசரிகளை ஒப்பிடும் கணக்கு பத்துக்கு எட்டு முறை கண்டுபிடிக்க, உணவுக்கு ஒரு பிரிவாக, பிரிவுக்கு முப்பத்தைந்து பேர் வேண்டும். ஐந்து பேர் என்றால் பத்துக்கு இரண்டு முறைகூடப் பிடிபடாது. இருக்கும் வேறுபாட்டைக் கண்டுபிடிக்கும் இந்த வாய்ப்பைத்தான் சோதனையின் பவர் என்போம்.

தலைமை எழுத்தர் செல்லையா தாளைப் பார்த்தார்.

“நூத்தி அஞ்சு பேரா? அத்தனை பேர வேலையிலேருந்து எடுத்தா ஜப்பான்காரன் அறைவான். வாங்கிக்கப் போறது நீயா, நானா? பிரிவுக்கு அஞ்சு பேரு போதும்லா, தம்பி.”

“அஞ்சு பேர வச்சா ஒண்ணும் தெரியாதுங்கய்யா.”

“தெரியலன்னா இல்லன்னு எழுதிடு. தவிடு ஜப்பான்காரன் குதிரைக்கு வேணுமாம்.”

பிரிவுக்கு ஐந்து பேரை வைத்தே சோதித்தேன். மூன்று வாரம் கழித்து, பிரிவுகளுக்கிடையே உள்ள வேறுபாட்டைக் காட்டும் எஃப் மதிப்பு அட்டவணை எல்லையைத் தாண்டவில்லை. “உணவுகளுக்கிடையே வேறுபாடு இல்லை” என்று அறிக்கை எழுதினேன். பவர் கணக்கிட்ட பக்கத்தை நானே எடுத்துவிட்டேன். எடுக்கும்படி எவரும் சொல்லவில்லை. அது இருந்தால் சோதனையே வீண் என்பது வெளிப்பட்டு, என் வேலை போய்விடும் என்று அஞ்சினேன்.

அடுத்த வாரம் முகாமுக்குத் தவிடு நின்றது. கால் வீக்கத்தை அளந்த நாடாக்களைத் திரும்ப எடுக்கப் போன என்னை, தவிட்டுப் பிரிவில் இருந்த அஞ்சலை நிறுத்தினார்.

“தம்பி, கஞ்சி குடிச்சப்ப கால் வத்திச்சு. இப்பப் பாருங்க, விரல வச்சா குழி விழுது. தவிடு வேணாம்னு எந்த மடையன் எழுதுனான்?”

“தெரியலக்கா,” என்றேன்.

“நீங்க படிச்சவரு. கொஞ்சம் சொல்லிப் பாருங்களேன்.”

தலையாட்டிவிட்டு வந்தேன். சொல்லவில்லை. அடுத்த மாதம் அவரால் எழுந்து நிற்க முடியவில்லை.

இத்தொழிலுக்கு வரும் இளையோருக்கு ஒன்று சொல்வேன். வேறுபாடு தென்படவில்லை என்று எழுதும்போது, இருந்திருந்தால் நம் சோதனை அதைக் கண்டிருக்குமா என்பதையும் சேர்த்து எழுதுங்கள். நான் எழுதியிருந்தால் தவிடு நின்றிருக்காது என்று உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்துத் தெரியாது என்று சொல்லியிருக்க மாட்டேன்.